உப்பு, வெல்லம், கடிகாரம்: டெல்டாவில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவோருக்கான சாப்பாட்டு வழிகாட்டி

வேதாரண்யத்தைத் தாண்டி, அகஸ்தியம்பள்ளியில் சாலையோரமெங்கும் உப்பு குவிந்து கிடந்தது. பாத்திகளில் வெள்ளை வெளேரென்று பூத்துக்கொண்டிருந்தது வேறு. அந்த உப்புக் காட்டின் நடுவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உடம்பில் உப்பு தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை மாதம், பகல் பதினொன்றரை மணி. கும்பகோணத்தில் விடியுமுன் கிளம்பி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நூறு கிலோமீட்டர் மிதித்திருந்தேன். சாப்பிட்டது மன்னார்குடியில் இரண்டு இட்லி. குடித்ததோ நான்கு லிட்டர் வெறும் தண்ணீரும் இரண்டு இளநீரும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியது. தலை விண்விண்ணென்று தெறித்தது. வயிற்றில் தண்ணீர் குலுங்கிக்கொண்டிருக்க, இன்னும் ஒரு மடக்குக் குடித்தால் வாந்தி வரும் போலிருந்தது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா தம் தூக்குவாளியைத் திறந்து, நீராகாரத்தில் ஒரு கைச் சோற்றைக் கரைத்து, உப்பைக் கூடுதலாகவே போட்டு நீட்டினார். "வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் எப்படித் தம்பி தெம்பு வரும்? மெதுவாகக் குடியுங்கள்." அரை மணி நேரத்தில் கண் தெளிந்தது.

அன்று நான் செய்த தவறுகள் மூன்று: உப்பில்லாமல் குடித்தேன், பசிக்கும்வரை காத்திருந்தேன், அடுத்த கடை வந்துவிடும் என்று நம்பினேன். இந்த மூன்றையும் எப்படித் தவிர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெல்டாச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு மேல், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கானது இது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதில் வரும் உப்பு, வெல்ல அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பின்பற்றுங்கள்.

சமவெளி செய்யும் ஏமாற்று

மலைப்பாதையில் ஏறுகிறவருக்கு இறக்கம் உண்டு. இறங்கும்போது கால் ஓய்கிறது, மூச்சு சீராகிறது, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்ன நேரம் கிடைக்கிறது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை அப்படி ஓர் இறக்கம் கிடையாது. ஆறு ஓடுகிற அளவுக்குச் சரிவு இருக்கிறது, ஆனால் அது சக்கரத்துக்குத் தெரியாது. பாலத்து மேடுகளைத் தவிர்த்தால் ஐந்து மணி நேரமும் மிதித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மூச்சு முட்டாததால் உழைப்பதாகவே தோன்றாது; தோன்றாததால் சாப்பிடவும் தோன்றாது. 'சமதரைதானே' என்று கிளம்புகிறவர்கள் எண்பதாவது கிலோமீட்டரில் கை கால் வெலவெலத்து நிற்பது இதனால்தான்.

டெல்டாவில் மலை என்றால் அது காற்றுதான். மேற்கே இருந்து வருவது கோடை, கிழக்கே இருந்து கொண்டல், வடக்கே இருந்து வாடை, தெற்கே இருந்து தென்றல் என்று நம் முன்னோர் திசைக்கொரு பெயர் வைத்தது சும்மா இல்லை. ஆடியில் கிழக்கு நோக்கிப் போகிறவரை மேல்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். எதிர்காற்றில் வேகம் பாதியாகக் குறையலாம், உழைப்பு குறையாது. ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டுச் சாப்பாட்டைக் கட்டாதீர்கள். மணிக்கணக்கில் கட்டுங்கள்.

இன்னொன்று புழுக்கம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணிப் பக்கம் காற்றிலேயே ஈரம் கனத்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. தண்ணீரும் உப்பும் போகின்றன, குளிர்ச்சி மட்டும் கிடைப்பதில்லை. அதே வெயிலில் உள்நாட்டில் ஓட்டுவதைவிடக் கடலோரத்தில் அதிகம் குடிக்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

உடம்பு உடனே எடுத்துச் செலவழிக்கும் சர்க்கரையை கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. தசைகளில் ஏறத்தாழ 400 கிராம், ஈரலில் 100 கிராம். மொத்தம் 2,000 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். மிதமான வேகத்தில் மணிக்கு 400 முதல் 600 கலோரி செலவாகும். அதில் ஒரு பங்கைக் கொழுப்பு ஏற்றுக்கொள்கிறது. மீதி இந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது. கொஞ்சம் முனைந்து ஓட்டினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் குதிர் காலி. பிறகு கண் இருட்டும், எரிச்சல் வரும், சின்னப் பாலமும் மலையாகத் தெரியும்.

குதிர் காலியான பிறகு நிரப்புவது கடினம். குடல் மணிக்குச் சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸுக்குத் தனிப் பாதை இருப்பதால், இரண்டும் கலந்து வந்தால் பழகிய வயிறு 90 கிராம் வரை ஏற்கும். நம் வெல்லமும் சர்க்கரையும் வாழைப்பழமும் இயல்பாகவே இரண்டையும் கலந்து வைத்திருப்பவை. சைக்கிள் வீரர்கள் ஓட்டத்தின் நடுவே பிழிந்து சாப்பிடும் வெளிநாட்டு ஜெல் பொட்டலத்தில் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான்.

மனத்தில் வைக்க வேண்டிய அளவு இது. மாவுச்சத்து என்று நான் சொல்வதில் சர்க்கரையும் சேர்த்தி. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குத் தண்ணீர் போதும். மூன்று மணி நேரம் வரை மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அதற்கு மேல் மணிக்கு 60 கிராமை நோக்கிப் போங்கள். 90 என்பது மாதக்கணக்கில் வயிற்றைப் பழக்கியவர்களுக்கு. கால்களைப் போலவே வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். வாராந்தரப் பயணங்களில் 30 கிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

முதல் படி: வியர்வையை அளப்பது

இதற்குக் குளியலறைத் தராசு ஒன்று போதும். கிளம்புமுன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 68 கிலோவில் கிளம்பி 67.1-க்கு வந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்வை 0.9 கூட்டல் 0.5, ஆக 1.4 லிட்டர். மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளந்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். எனக்குச் சித்திரைக் கணக்கு மார்கழியின் இரு மடங்கு.

போனதையெல்லாம் ஓடும்போதே நிரப்ப முடியாது. நிரப்பவும் வேண்டாம். மணிக்கு 600 முதல் 800 மில்லி பெரும்பாலோர் வயிற்றுக்கு ஒத்துவரும். லிட்டரைத் தாண்டினால் குலுங்க ஆரம்பிக்கும். உடம்பு எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். 70 கிலோக்காரருக்கு அது 1.4 கிலோ. பயணம் முடிந்து எடை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அது குறைவாகக் குடிப்பதைவிட ஆபத்தானது.

அடுத்து உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது, அதாவது இரண்டரை கிராம் உப்பு. ஆனால் ஆளுக்கு ஆள் இது பல மடங்கு மாறும். கறுப்புச் சட்டையில் ஓட்டிப் பாருங்கள். காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டிருந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிற ஆள். பொதுவாக, குடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிராம் முதல் ஒன்றரை கிராம் உப்பு சேர்ந்தால் சரியாக இருக்கும். தூள் உப்பு கால் தேக்கரண்டி ஏறத்தாழ ஒன்றரை கிராம். கல்லுப்பை அதே கரண்டியில் எடுத்தால் இடைவெளி இருப்பதால் எடை குறையும். ஒருமுறை சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கால் பிடித்துக்கொள்வதற்கெல்லாம் உப்புக்குறைவுதான் காரணம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தசை களைத்துப்போனாலும் பிடிக்கும். இருக்கை உயரம் தவறினால் தசை சீக்கிரம் களைக்கும்.

இரண்டாம் படி: முன்னிரவும் விடியலும்

முன்னிரவில் வழக்கமான சாப்பாடே போதும், சோறு ஒரு கரண்டி கூடுதலாக. சோறும் ரசமும் கொஞ்சம் கூட்டும் நல்லது. பிரியாணி, புரோட்டா, எண்ணெய் மிதக்கும் குருமா எல்லாம் மறுநாள் இரவுக்கு. கீரையையும் பருப்பு வகைகளையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு வயல்வெளியில் கழிப்பறை தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்குக் கிளம்புவதென்றால் நான்கு மணிக்காவது எழ வேண்டும். அந்த நேரத்தில் பெரிய சாப்பாடு இறங்காது. மூன்று இட்லி, அல்லது இரண்டு வாழைப்பழம். இட்லிக்குச் சட்னியைவிடப் பொடி மேல், எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 400 மில்லி, மெதுவாக. காபி பழக்கம் உள்ளவர் தாராளமாகக் குடிக்கலாம். காபி உடம்பை வறட்டிவிடும் என்பது ஒன்றிரண்டு தம்ளர் அளவில் உண்மையில்லை, விழிப்பையும் தருகிறது.

பழைய சோறு? இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். விடியலில் வயலுக்குப் போகிறவர்கள் காலங்காலமாக இதைக் குடித்துவிட்டுத்தான் நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கினார்கள். மாவுச்சத்து, தண்ணீர், உப்பு, மூன்றும் ஒரே கிண்ணத்தில். பழக்கம் இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உப்புப் போட்டுக் குடியுங்கள். புதிதாக முயல்கிறவர்கள் பயண நாளில் முயலாதீர்கள்.

மூன்றாம் படி: இரண்டு பாட்டில்

சட்டகத்தில் 750 மில்லி பாட்டில் இரண்டு மாட்டுங்கள். ஒன்றில் இனிப்பு, ஒன்றில் உப்புத் தண்ணீர். வாய் இனிப்பில் சலித்துப்போகும்போது மாற்றிக்கொள்ள இது உதவும்.

இனிப்பு பாட்டிலுக்கு நான் பல வருடங்களாகப் பயன்படுத்துவது பானகம். ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கிற அதே பானகம். 750 மில்லித் தண்ணீருக்குப் பொடித்த வெல்லம் 50 கிராம், பாதி எலுமிச்சை, தூள் உப்பு கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. சுக்கு குமட்டலை அடக்கும். ஏலக்காய் உங்கள் விருப்பம், என்னைக் கேட்டால் வெயிலில் அது மூக்கில் ஏறுகிறது. இதில் 40 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கும், அதாவது நூறு மில்லிக்கு ஆறு கிராம் அளவில். ஆறிலிருந்து எட்டுக்குள் இருந்தால் இரைப்பை விரைவாகக் கீழே அனுப்பிவிடும். அதற்கு மேல் இனிப்பைக் கூட்டினால் தங்கி, குமட்டும். வெல்லத்தைக் கரைத்துத் துணியில் வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். அடியில் நிற்கும் மண்ணும் சக்கையும் பாட்டிலின் முனையை அடைத்துக்கொண்டு, சீர்காழிச் சாலையில் லாரிக்கு ஒதுங்கும் நேரத்தில் உறிஞ்சினால் ஒன்றும் வராது.

பானகத்துக்கு ஆயுள் குறைவு. வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். எனவே முழுவதையும் வீட்டிலேயே கரைக்காமல், பொடித்த வெல்லத்தையும் உப்பையும் கலந்து சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தும் இடத்தில் தண்ணீர் பிடித்துப் பொட்டலத்தைக் கொட்டிக் குலுக்கினால் புதிய பானகம். இதற்கு மட்டும் வீட்டிலேயே வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி, காய்ச்சி உலர்த்திய பொடியாகவோ, நாட்டுச் சர்க்கரையாகவோ வைத்துக்கொண்டால் சக்கைத் தொல்லை இல்லை.

நீர்மோர் தாகத்துக்கும் உப்புக்கும் நல்லது, எரிபொருளாக அதை நம்பாதீர்கள். அதில் மாவுச்சத்து மிகக் குறைவு. கோடையில் ஊருக்கு ஊர் போடும் நீர்மோர்ப் பந்தல்களில் இரண்டு தம்ளர் வாங்கி அங்கேயே குடித்துவிடுவது மேல். பாட்டிலில் ஊற்றினால் கறிவேப்பிலை முனையை அடைக்கும், சூட்டில் மோர் பொங்கி மூடியைத் தள்ளும்.

இளநீரைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் வியர்வையில் போவதை ஈடுகட்டப் போதாது. பாதி இளநீரைக் குடித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடியுங்கள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை. கரும்புச் சாறு நேர்மாறு: ஒரு பெரிய தம்ளரில் 30 கிராமுக்குமேல் சர்க்கரை. தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்தால் அருமையான பானம். ஐஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். வயிற்றுப்போக்குக்காகச் செய்யப்பட்டது, ஆகவே உப்பு தூக்கல், தெம்பு குறைவு. தினசரிப் பானமாக வேண்டாம், ஆபத்துக் காலத்துக்கு வைத்திருங்கள். பெயரில் மட்டும் அதைப்போல் ஒலிக்கும் இனிப்புச் சாறு வகைகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: எதை மெல்லுவது

சாப்பிடும் பொருள் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். ஒரு கையால் எடுக்க முடிய வேண்டும், வெயிலில் கெடக்கூடாது, எண்ணெயும் நெய்யும் குறைவாக இருக்க வேண்டும். கொழுப்பு கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. அது இரைப்பையில் நெடுநேரம் தங்கி, ஓடும்போது புரட்டும்.

வாழைப்பழம் முதல் வகுப்பு. நடுத்தரப் பழத்தில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. திருவையாற்றுப் பக்கம் படுகைத் தோட்டத்துப் பழம் சாலையோரத்திலேயே கிடைக்கும். சின்னப் பூவனென்றால் இரண்டு. நன்கு கனிந்ததை உடனே தின்றுவிடுங்கள், காய்வெட்டானதைப் பைக்குள் வையுங்கள், அது அடிபடாது.

பொரி உருண்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. அரிசிப் பொரியும் வெல்லமும் தவிர அதில் ஒன்றுமில்லை, கொழுப்பும் ஏறத்தாழ இல்லை. உருண்டையின் அளவைப் பொறுத்து ஒன்றில் 12 முதல் 15 கிராம் கிடைக்கும். இடம் அடைக்கும் என்பது ஒன்றுதான் குறை. கடலை மிட்டாய் எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் நிலக்கடலையின் எண்ணெய் மெதுவாகவே கரையும். நிதானமாக ஓட்டும் நீண்ட நாளுக்குச் சரி, வேகமாக மிதிக்கும்போது வேண்டாம். பொருள்விளங்காய் உருண்டை சத்தில் குறைந்ததல்ல. ஓடும் சைக்கிளில் அதைக் கடிக்க முயன்று என் கடைவாய்ப் பல் ஒன்று மருத்துவரிடம் போனது.

பேரீச்சம்பழம், கல்கண்டு இரண்டும் சட்டைப் பைக்கானவை. கல்கண்டு சுத்தமான சர்க்கரை. கண் இருட்டும்போது நான்கைந்து கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மேலே தண்ணீர் குடித்தால் பத்து நிமிடத்தில் வேலை செய்யும். உப்புக்கு எங்கள் வீட்டு வழி உப்பு நார்த்தங்காய். காய்ந்த சுருளில் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டால், இனிப்பு சலித்த நாக்கு உயிர்பெற்றுவிடும்.

இட்லியைப் பொடி தடவி வாழையிலையில் கட்டி எடுத்துப் போகலாம். ஒன்றில் சுமார் 10 கிராம். காலை பத்து மணிக்குள் தின்றுவிட வேண்டும். தேங்காய்ச் சட்னியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், வெயிலில் அதுதான் முதலில் கெடும்.

திருவையாற்றில் அசோகா அல்வா கூப்பிடும். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அது இலையில் பளபளக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் கட்டி வாங்கி, போய்ச் சேர்ந்த பிறகு பிரியுங்கள்.

ஐந்தாம் படி: கடிகாரம் சொன்னால் கேட்பது

பசித்தால் சாப்பிடலாம் என்பது வீட்டுக்குச் சரி. நீண்ட பயணத்தில் பசி தாமதமாக வரும் செய்தி. கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணியடிக்க வையுங்கள். அடித்தால் மூன்று நான்கு மடக்கு. இரண்டு மணியடிப்புக்கு ஒருமுறை ஏதாவது மெல்லுவது. முதல் மணியிலேயே தொடங்க வேண்டும், பசிக்கிற வரை காத்திருந்தால் நான் அகஸ்தியம்பள்ளியில் உட்கார்ந்த கதைதான். தாகத்தையும் கேளுங்கள், குளிர்ந்த விடியலில் மணி அடித்தும் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு மடக்கோடு விடுங்கள், வெயில் ஏறியதும் கூட்டிக்கொள்ளலாம்.

நான் அடிக்கடி போகும் வழி தஞ்சாவூரிலிருந்து பூம்புகார். திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரியை ஒட்டி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மணிக்கு இருபது என்ற வேகத்தில் ஓட்டம் மட்டும் ஐந்தரை மணி நேரம்.

நாலே முக்காலுக்குத் தஞ்சாவூர். திருவையாறு வரை தண்ணீர் மட்டும், கிளம்புமுன் தின்றது இன்னும் வயிற்றில் இருக்கும். ஆறே காலுக்குள் ஒரு வாழைப்பழம், ஏழு மணிக்கு முன் இரண்டு பொரி உருண்டை. ஏழரைக்குக் கும்பகோணம். இங்கே இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். உட்கார உட்கார கால் இறுகும். இட்லி நான்கு, சாம்பார், ஒரு டிகிரி காபி. சாம்பார் உப்புக்கும் நல்லது. பக்கத்து மேசைக்குப் பூரி வரும், வெண்பொங்கல் நெய்யோடு வரும், கடப்பா என்ற பாசிப்பருப்புக் குருமா மணக்கும். கடப்பா கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம், மற்றவற்றைப் பார்க்காதீர்கள். இரண்டு பாட்டிலையும் நிரப்பி, வெல்லப் பொட்டலத்தைக் கரைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்பதே முக்கால். வழியில் ஒரு பழம், இன்னும் இரண்டு பொரி உருண்டை. மயிலாடுதுறையில் உப்புப் போட்ட இளநீர், மூன்றாவது பானகம், ஒரு பழம். கடைசி இருபத்து நான்கு கிலோமீட்டர்தான் சோதனை. வெயில் தலைக்கு மேல் வந்திருக்கும், கடற்காற்று எதிரே எழத் தொடங்கும். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் போதாது, இரண்டும் நிறைந்திருக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். மூன்று பானகத்தில் 120 கிராமுக்குமேல், இட்லியில் 40, மூன்று பழத்தில் 65, நான்கு பொரி உருண்டையில் 50. மொத்தம் ஏறத்தாழ 275 கிராம். ஐந்தரை மணி நேரத்துக்கு மணிக்கு ஐம்பது. செலவோ ஒரு ஜெல் பொட்டலத்தின் விலை அளவு.

ஆறாம் படி: கடையில்லாச் சாலை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை வரும். அந்த நம்பிக்கையில் தெற்கே இறங்கினால் ஏமாறுவீர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் 35 கிலோமீட்டர் போல; நண்பகலில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை பத்துப் பதினொரு கிலோமீட்டர், உப்பளமும் காடும்தான். கடலோரக் கைப்பம்பில் வரும் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. இந்தப் பகுதிக்குள் நுழையுமுன் இரண்டு பாட்டிலோடு ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாகவும், இரண்டு மணி நேரத்துக்கான சாப்பாடும் கையில் இருக்க வேண்டும்.

1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் டெல்டாவைக் குறுக்கே நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போருக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த வழியில் போகும்போதெல்லாம் புளியமரக் கிளைகளை அண்ணாந்து பார்ப்பேன். இப்போது ஒன்றும் தொங்குவதில்லை, கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

தண்ணீர் நிரப்ப பஸ் நிலையங்கள், பெட்ரோல் பங்குகள், கோயில் வாசல்கள், தர்காக்கள் உதவும். வாய்க்கால் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக ஓடினாலும் வயலின் உரமும் மருந்தும் அதில் வடிகின்றன. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள அது போதும். தலையிலும் முன்கையிலும் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர், குடிக்கும் தண்ணீரின் சுமையைக் கொஞ்சம் குறைக்கும்.

பருவத்துக்கு ஏற்ப

சித்திரை, வைகாசியில் பத்தரைக்குமேல் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். நுங்கும் பதநீரும் அப்போது கிடைக்கும். காலைப் பதநீர் இனிப்பும் தண்ணீருமாக நல்ல பானம், நேரமானால் புளித்து வேறு பானமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாகமே எடுக்காது, ஆனால் மழைக்கோட்டுக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருக்கும். மார்கழியிலும் இதே கதை. குளிரில் குடிக்க மறந்து, பத்து மணிக்குத் தலைவலியோடு நிற்பவர்கள் பலர். மார்கழி விடியலில் கோயில் வாசலில் சுடச்சுடக் கிடைக்கும் பொங்கலை மறுக்கச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. ஒரு தொன்னை போதும், அதன்பின் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது

கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், கண் மங்கல் என்றால் பெரும்பாலும் சர்க்கரை தீர்ந்திருக்கிறது. இறங்கி, இனிப்பு சாப்பிட்டு, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை. விரல் வீக்கம், குமட்டல், தலைவலி, வயிற்றில் குலுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து வந்தால் நிலைமை வேறு: இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. மேலும் வெறும் தண்ணீர் குடிக்கக் கூடாது. உப்பான எதையாவது சாப்பிட்டு நிழலில் இருங்கள். பேச்சு குழறினால், வலிப்பு வந்தால் 108.

உடம்பு கொதித்து, குழம்பிப் பேசி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துக்கொண்டே நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கையில் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி விசிறுங்கள். வாய்க்கால் இருந்தால் அந்தத் தண்ணீரும் ஆகும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில் பரவலாகக் குடிக்க வேண்டும். உப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால் உடம்பில் தங்கும், இல்லாவிட்டால் போய்விடும். தயிர்சாதமும் ஊறுகாயும் இதற்கென்றே படைத்த மாதிரி இருக்கிறது. கூடவே 20 முதல் 25 கிராம் புரதம்: பூம்புகாரில், நாகப்பட்டினத்தில் என்றால் மீன் குழம்பு, சைவமென்றால் பெரிய கிண்ணம் சுண்டலும் தயிரும். மறுநாளும் ஓட்டுவதாக இருந்தால் முதல் சில மணி நேரத்துக்கு மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் மாவுச்சத்து போகட்டும். கட்டி வைத்த அசோகாவை இப்போது பிரிக்கலாம்.

சாப்பிட்டு முடித்துப் படுக்குமுன் பாட்டில்களைக் கழுவிவிடுங்கள். பானகம் ஊற்றிய பாட்டிலை ஓர் இரவு மூடி வைத்தால் காலையில் சாராய வாடை அடிக்கும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, முனையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வெந்நீரில் உப்புப் போட்டு அலசி, திறந்தபடி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கறுப்புப் பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த வளையத்தின் அடியில்தான்.